அணிந்துரையில் இருந்த அத்தியாயம்

அணிந்துரையைப் படித்துக்கொண்டே வந்தவளின் விரல் நான்காவது பத்தியில் நின்றது.

'இந்த நாவலின் உயிர் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது' என்று எழுதியிருந்தார் அந்த மூத்த நாவலாசிரியை.

ஏழாம் அத்தியாயம் இப்போது நாவலில் இல்லை.

அவள்தான் வெட்டினாள். அணிந்துரைக்காகப் பிரதியை அனுப்பியது ஆகஸ்டில். வெட்டியது அக்டோபரில். வெட்டியதை அவருக்குச் சொல்ல மறந்துவிட்டாள். முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கென்றே சில பிழைகள் இருக்கின்றன.

அதை முதலில் கவனித்து அவளைப் பதிப்பகத்துக்கு வரச் சொன்னவர், அங்கே பக்கங்களை வடிவமைக்கும் மெஹ்ருன்னிசா. இரண்டு முழுப் பத்திகள், இல்லாத அத்தியாயத்தைப் புகழ்கின்றன. ஒரு மணிக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இப்போது பதினொன்றே கால். அடுத்த ஞாயிறு வெளியீட்டு விழா.

பதிப்பாளர் தணிகைவேல் தொலைபேசியிலேயே வழி சொல்லிவிட்டார். அந்த இரண்டு பத்தியைத் தூக்கிவிட்டால் தீர்ந்தது, அணிந்துரையை எவன் படிக்கிறான்.

அறிவுரைக்கு அவளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஏற்காட்டில் நடந்த இளம் எழுத்தாளர் பட்டறையில் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். தினமும் ஐந்நூறு சொல் எழுது. முடிக்கும்வரை யாரிடமும் காட்டாதே. பதிப்பாளருக்குத் தினமும் போன் செய்யாதே. உனக்கு மிகவும் பிடித்த பகுதியை இரக்கம் பார்க்காமல் வெட்டு.

அதனால்தான் ஏழாம் அத்தியாயத்தை வெட்டினேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தாள்.

சுத்தப் பொய்.

அம்மாவுக்குப் பயந்து வெட்டினாள்.

அந்த அத்தியாயத்தில் ஒரு பெண்ணுக்குப் பெங்களூரில் நேர்முகத் தேர்வு. முந்தின நாள் அவளுடைய சான்றிதழ்களை அம்மாவே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். பெண் போகவில்லை. வேலையும் கைவிட்டுப் போயிற்று.

கதையில் மட்டும் நடந்ததல்ல அது. தருமபுரியில், அவர்கள் வீட்டில், ஒன்பது வருடத்துக்கு முன் நடந்தது. அவளும் அம்மாவும் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் பிரதியைப் பெற்றுக்கொள்பவர் என்று அழைப்பிதழில் அம்மாவின் பெயர்தான் இருக்கிறது. அம்மா எழுத்துக்கூட்டியாவது கடைசிப் பக்கம்வரை படித்துவிடுவாள்.

பத்திகளைத் தூக்கிவிடலாம். இரண்டு நொடி வேலை.

தூக்கிவிட்டு, உயிரை எடுத்த புத்தகத்தை அம்மாவின் கையில் கொடுக்க வேண்டும். போட்டோவுக்குச் சிரிக்கவும் வேண்டும். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

வெட்டியதைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று மெஹ்ருன்னிசாவிடம் கேட்டாள்.

"பதினாலு பக்கம் கூடும். எனக்கு ஒரு மணி நேரம் போதும். உனக்குப் போதுமா?"

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேடையில் வைத்து அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தன் வாயால் சொல்லிவிட வேண்டும்.

படிக்கட்டில் நின்று போன் செய்தாள். விழாவுக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் இன்னும் வரவில்லை என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அம்மா, பீரோவப் பத்தி எழுதியிருக்கேன். நீ பூட்டினத."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

அம்மா மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சாவியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டாள். அம்மா அதை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்ததாக மகள் எழுதியிருந்தாள். அது அவளுடைய ஊகம். அதையும் சொன்னாள்.

"அரிசி டின்ல இல்ல. உன் தலகாணிக்கு அடியில வெச்சேன். நீ கோவத்துல கட்டிலுக்கே வரல."

அப்பா பூட்டச் சொன்னார், பூட்டினாளாம். அவர் கூடத்திலேயே உட்கார்ந்திருந்ததால், சாவி இருக்கும் இடத்தைச் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லையாம். மகள் சமையலறைத் தரையில் அழுதபடியே தூங்கிப்போனாள். அவள் கண் விழிப்பதற்குள் பெங்களூர் பஸ் போய்விட்டது. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாளாம் அம்மா. அப்பா இறந்த பிறகாவது சொல்லியிருக்கலாம், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லையாம்.

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வருடம் அம்மாவைத் திட்டிக்கொண்டே எழுதியிருக்கிறாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கோப்பை அனுப்ப வேண்டாம் என்றாள். இன்றைக்கும் வேண்டாம், நாளைக்கும் வேண்டாம். விழாவுக்கு என்ன பதில் என்று மெஹ்ருன்னிசா கேட்டார்.

"தள்ளிப் போடச் சொல்லுங்கக்கா. நாவல் இன்னும் முடியல."

அம்மா இன்னும் இணைப்பில் இருந்தாள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அச்சுப்படியின் கடைசித் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

"சொல்லும்மா. சாவிய வெச்சிட்டு நீ எங்க படுத்த?"