நாற்பது மூட்டை சிமெண்ட்

புது வீட்டுச் சுவரை மோதிர விரலால் தட்டிக் காட்டினார் உக்கிரபாண்டி. காலையிலிருந்து இது பதினோராவது தட்டு.

"பெர்மிட்டு சிமெண்டு, நாப்பது மூட்டை! ஆனைக்குட்டம் சுத்துவட்டாரத்துல எவன் வீட்டுலயாச்சும் இருக்கா?"

பால்காய்ச்சுக்கு வந்த சொந்தபந்தங்கள் ஆளுக்கொரு தட்டு தட்டிவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்கள். அந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் சிமெண்ட் கிடைக்க அரசாங்கத்தில் ஆள் வேண்டும். அவருக்கு இருந்தது.

வீட்டைக் கட்டிய கொத்தனார் வெள்ளைத்துரை வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றான். உள்ளே வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

உக்கிரபாண்டியின் கண் அவனைத் தாண்டி, தெருக்கோடியில் அவன் தனக்காகக் கட்டியிருந்த வீட்டுக்குப் போனது. உடைந்த ஓட்டின் தூள், செங்கல் சுடும் காளவாசல் சாம்பல், சலித்துக் கழித்த சுண்ணாம்பு, தீப்பெட்டி ஆபீஸில் கொட்டிய குச்சிக் கழிவு. ஊர் எறிந்ததெல்லாம் அந்தச் சுவரில் இருந்தது.

"ஏலே, ஒன் குப்பைமேட்டை நாளைக்கே இடிச்சிரணும். மாடியில நின்னா கண்ணை உறுத்துது."

இடம் அவருடையது. சொன்னால் செய்வார்.

வெள்ளைத்துரை கைகூப்பினான். "அய்யா வீட்டுச் செவுரு நிக்கிற மட்டும் அதுவும் நின்னுட்டுப் போகட்டும்ய்யா."

கூட்டம் சிரித்தது. சிமெண்டோடு குப்பைக்குப் போட்டி! உக்கிரபாண்டிக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது. "சரிலே. இத்தனை பேரு சாட்சி" என்றார்.

காரியஸ்தர் சீனிச்சாமிக்கு மட்டும் பாயசம் புரையேறியது.

தை பிறந்துதான் வேலை தொடங்க வேண்டும் என்று அய்யா காத்திருந்த நாளெல்லாம், வருகிறவர் போகிறவர் பார்க்கட்டுமென்று மூட்டைகள் முன்கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. ஐப்பசிச் சாரலும் வந்து பார்த்துவிட்டுப் போனது. அதை அய்யாவிடம் சொல்லும் தைரியம் சீனிச்சாமிக்கு இல்லை. அய்யா கோர்ட்டு வாய்தாவுக்கு மதுரை போன அன்று, சீனிச்சாமி வெள்ளைத்துரையின் வீட்டுக்குப் போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

பந்தி நடந்த அதே நேரம், தெருக்கோடிக் கிணற்றடியில் வெள்ளைத்துரையின் மனைவி முருகம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தெருவுக்கு இப்போது நாற்பது துவைகல். ஒவ்வொரு கல்லிலும் சாக்கின் தையல்கூட அப்படியே பதிந்திருந்தது.