கதாநாயகிக்கு ஒரு பெயர்

"புகுந்த வீட்டுப் பெரியவங்க பேரை மருமக வாயால சொல்லக்கூடாதும்மா."

"அப்போ எப்படிக் கூப்பிடறது, அத்தை?"

"நீயா ஒரு பேர் வச்சுக்கோ. நம்ம கசாக் மருமகள்கள் காலங்காலமா அப்படித்தான்."

கல்யாணத்தன்று நடந்த பேச்சு ஜிபெக்குக்கு இன்று எரிச்சலோடு நினைவு வந்தது. அவளுடைய முதல் தொடர்கதை. மாலைக்குள் அல்மாத்தி நகரப் பத்திரிகைக்கு அனுப்பியாக வேண்டும். கதாநாயகிக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை.

"மர்ஜான்னு வைக்கட்டுமா, அத்தை?"

பவுர்சாக் மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்த மாமியார் பதறினாள். "ஐயையோ! அது உன் மாமனாரோட பெரிய அத்தை பேரு."

"ரௌஷான்?"

"சின்ன அத்தை."

"கம்கா?"

"நடு அத்தை."

"நாட்டுல இருக்கிற நல்ல பேரையெல்லாம் உங்க வீட்டுக்கே வச்சுக்கிட்டீங்களா?" ஜிபெக் மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள்.

அவள் கணவன் தௌலெத் சிரித்தான். "தாத்தா வீட்டுக்கு ஒரே பிள்ளையாச்சே! அப்பாவுக்கு ஏதும்மா அத்தை, அதுவும் மூணு பேர்?"

மாமியாரின் முகம் சிவந்தது.

"நான் கதை எழுதறது பிடிக்கலையா, அத்தை?" ஜிபெக் அவள் பக்கம் திரும்பினாள்.

"பிடிக்காமலா? உன் மாமனார் 'ஏய்'னே காலத்தை ஓட்டிட்டார். கொழுந்தன்மாருக்கு நான் அண்ணி. எங்கம்மா போனப்புறம் என் பேரைச் சொல்ல ஆளே இல்ல. உனக்கும் வாயால சொல்லத்தானே தடை, எழுதலாமே?"

மாமியார் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"குன்சுலு. சூரியன் மாதிரி அழகின்னு அர்த்தம். அந்தப் பொண்ணுக்கு என் பேரை வையேன், ஜிபெக்."