மலைநாட்டுக்கு ஒரு துறைமுகம்

“உன் கப்பலைத் துறைமுகத்துலேர்ந்து எடுடி!”

“எடுக்க முடியாது! கடல் என்ன உங்கப்பன் வீட்டுக் கிணறா?”

கடல்நாட்டு அமைச்சரும் மலைநாட்டு அமைச்சரும் மாறி மாறிக் கத்தினார்கள்.

“எடுக்கலேன்னா நாளைக்கே போர்!”

“போடு! எங்களுக்குக் கடலே கிடையாது. ஒரு பிடி உப்புக்குக்கூட உன் வாசல்லதான் வந்து நிக்கணும்.”

கடல்நாட்டு அமைச்சரின் குரல் இறங்கியது.

“இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? துறைமுகத்துல பாதியை நீ வச்சுக்கோ. போதுமா?”

“தாராளமாப் போதும்டி!”

கை குலுக்கிக்கொண்டார்கள். வகுப்பில் பின் பெஞ்சுவரை கைதட்டல். சர்வதேச உறவுகள் வரலாறு நடத்தும் பேராசிரியை மட்டும் டஸ்டரால் மேசையை ஓங்கி அடித்தார்.

“ரெண்டு பேருக்கும் பூஜ்யம்!”

“ஐயோ மேடம்!” மலைநாட்டு அமைச்சராக நடித்த மாணவி பதறினாள். “இந்த மார்க் இல்லேன்னா எங்களுக்குப் பட்டமே கிடைக்காதே. நூறு வருஷம் முன்னாடி அந்த நிஜ அமைச்சர்களால முடியாததை நாங்க முடிச்சிருக்கோம். ஒரு உயிர்கூடப் போகலையே!”

“அதானேம்மா கோளாறு!” பேராசிரியை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “அடுத்த செமஸ்டர் முழுக்க நான் நடத்த வேண்டியது அந்தப் போரைத்தான். நீங்க பாட்டுக்குச் சமாதானமாப் போயிட்டா, என் வேலைக்கு யார் பதில் சொல்றது?”