அவிழ்ந்த நாடா

மலைமேல் ஓர் அணை. அதைச் சுற்றிய ஒற்றையடிப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தவரின் இடது ஷூ பதறிக்கொண்டிருந்தது. அதன் நாடா அவிழ்ந்து இழுபட்டது. ஒரு பக்கம் பாசி பிடித்த பாறை. மறுபக்கம் கிடுகிடு பள்ளம், அடியில் கறுப்பாய்த் தண்ணீர்.

"அண்ணே, அவரை ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க. நாடாவைக் கட்டிக்கட்டும்," என்று அவர் மணிக்கட்டிலிருந்த கடிகாரத்திடம் ஷூ கெஞ்சியது.

"நின்னா வேகம் குறைஞ்சிடும். அப்புறம் நாலு பேருக்கு எதைக் காட்டுறது? வாயை மூடிட்டு ஓடு!" என்று கடிகாரம் கத்தியது. அவரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு காலை எட்டிப் போட்டார்.

அடுத்த வளைவில் வலது கால் நாடாவை மிதித்தது. பள்ளத்தில் சரிந்து விழுந்தவர் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினார். ஷூ அவர் கால் கட்டைவிரலில் தொற்றிக்கொண்டு ஆடியது.

மேலே, வேரைப் பிடித்த கையிலிருந்து கடிகாரம் அதட்டியது: "ஏன் நின்னுட்டீங்க? ஓடுங்க!"