அப்பாதான் கட்டணும்

"அப்பாதான் டை கட்டி விடணும். அம்மா, மாமா, நான்... வேற யாரும் கூடாது" என்றார் பிரதர் வெண்டெல்.

ரெனீட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கார்னெல் வீட்டை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு, பிரதர். நாளைக்கு என் பிள்ளை மட்டும் சபை முன்னாடி வெறுங்கழுத்தோட நிக்கணுமா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான், சிஸ்டர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மெம்பிஸ் சர்ச்சில் எல்லோரும் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டால் இவர் மட்டும் எதிர்க்கட்சிக்குப் போடுவார். கேட்டால், "அரசாங்கம் சோறு போடும். அப்பாவா இருக்குமா?" என்பார். சனிக்கிழமைதோறும் நம் கறுப்புப் பையன்களுக்கு ஒழுக்க வகுப்பு எடுக்கிறார். வகுப்புகள் எல்லாம் முடிந்ததும் வரும் ஞாயிறன்று டை கட்டி அனுப்புவது வழக்கம்.

"உங்க குடும்பப் பிரசங்கத்தைத் தூக்கி அடுப்புல போடுங்க! பாதிப் பிள்ளைங்களுக்கு அப்பா வீட்டுல இல்லைன்னு தெரியாதா?" என்றேன், சர்ச் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த கரண்டியை நீட்டி.

"எண்ணெய் புகையுது பாருங்க, சிஸ்டர் ஓடெஸா" என்று நழுவிவிட்டார் மனுஷன்.

மறுநாள். பதினோரு பையன்கள் வரிசையாக நின்றார்கள். பத்துப் பேருக்கு எப்படியோ அவரவர் அப்பாவே வந்து கட்டிவிட்டார். ரெனீட்டாவின் பையன் ஜமாரியஸ் மட்டும் டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலையே பார்த்தான்.

கதவு திறந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் கார்னெல்!

நேராக மகனிடம் போனான். "மன்னிச்சுக்கோடா" என்று டையை வாங்கி அவன் கழுத்தில் கட்டினான். முடிச்சு அச்சாக விழுந்தது. பின்வரிசையில் பிரதர் வெண்டெலின் விரல்களும் காற்றில் அதே முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தன.

ரெனீட்டா வாயைப் பிளந்தாள். "கல்யாணத்தன்னிக்கே உனக்கு உங்க அண்ணன்தானே டை கட்டி விட்டார்? எப்போ கத்துக்கிட்டே?"

"நாலு மாசமா. வேலை போன வெட்கத்துலதான் உங்க முகத்துல முழிக்காம ஓடினேன், ரெனீ. பிரதர் வெண்டெல் நான் இப்போ வேலை பார்க்கிற டயர் கடைக்கே வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார்."

"உன்னை மட்டும் தேடி வந்தாரா?" என்றேன்.

கார்னெல் வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"பசங்களுக்குத்தான் சனிக்கிழமை, சிஸ்டர். வியாழக்கிழமை வகுப்புல நாங்க ஏழு அப்பாங்க."