மை பட்டதா?

சேகரிப்பாளர் ஒருவரின் கண்ணாடிப் பேழையில் விலையுயர்ந்த இரண்டு மைப்பேனாக்கள் அருகருகே படுத்திருந்தன. மூத்தது கறுப்பு, இளையது பவளச் சிவப்பு. இரண்டுக்கும் தங்க முள்.

ஞாயிறுதோறும் ஆர்வலர்கள் வந்தார்கள். மூடியைத் திருகித் திறந்து, முள்ளை உருப்பெருக்கியில் ஆராய்ந்தார்கள். “என்ன வளைவு! என்ன மெருகு!” என்று வியந்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, தவறாமல் ஒன்றைக் கேட்டார்கள்.

“மை பட்டதா?”

“ஒரு சொட்டுகூட இல்லை” என்று சேகரிப்பாளர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

“அக்கா, எனக்கு எழுத வருமா?” என்று ஒருநாள் சிவப்பு கேட்டது.

“அந்தக் கவலை உனக்கு எதற்கடி? எழுதினால் மதிப்புப் போய்விடும்.”

“எழுதவே வராவிட்டால் நான் எப்படிப் பேனா ஆவேன்?”

“உனக்கு முள்ளைவிட வாய்தான் கூர்மை” என்றது கறுப்பு.

அடுத்த ஞாயிறு வந்த பெண்மணி ஒருவர், யாரும் தடுக்குமுன் சிவப்பைத் தன் பையிலிருந்து எடுத்த மைப்புட்டியில் தோய்த்து எழுதத் தொடங்கினார். முள் முதலில் தாளைக் கீறியது, திக்கியது, பிறகு ஓடியது.

“கெடுத்துவிட்டீர்களே! இனி இதை யார் வாங்குவார்கள்?” என்று சேகரிப்பாளர் அலறினார்.

“நான்தான்” என்றார் அவர், கையை நிறுத்தாமல்.

கறுப்பு பேழைக்குள்ளிருந்து பதறியது: “வந்துவிடடி! கழுவித் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது!”

சிவப்புக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் வாக்கியம் இன்னும் முடிந்திருக்கவில்லை.