பேசாமல் இருக்க ஒரு கோழி

கணேசமூர்த்தி எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

பந்தலில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

மலாயாவின் லிங்கி ரப்பர் தோட்டத்தில் கலியாணம் என்றால், தாலி கட்டியதும் தலைவர் வாழ்த்திப் பேச வேண்டும். அவர் முடித்த பிறகுதான் இலை போடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படித்தான். ராஜராஜ சோழனில் தொடங்கி லிங்கி ஆற்றுக்குக் கணேசமூர்த்தி பேச்சில் வந்து சேர்வதற்குள் சோறு ஆறிக் கட்டியாகிவிடும். அப்போது அரிசிக்குப் பஞ்சமில்லை, பொறுத்துக்கொண்டார்கள். இதுவோ ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருடம். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று நாக்கு மரத்துப்போன ஜனத்துக்கு முன்னால் ஒரு பானைச் சோற்றை மூடி வைத்துவிட்டுச் சோழனைப் பற்றிப் பேசினால் யார் தாங்குவார்கள்?

இத்தனைக்கும் அவர் இப்போது தலைவரே இல்லை. தோட்டச் சங்கப் பதவியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. ஏன் விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. காது பிழைத்த சந்தோஷத்தில் இருந்தார்கள்.

ஆனால் வழக்கத்தை விட முடியுமா? பதவி போன பிறகு வந்த முதல் கலியாணத்துக்கும் அவரையே அழைத்தார்கள். எழுந்தார், கனைத்தார், நெடுநேரம் கனைத்துக்கொண்டே நின்றார். பேச்சு இன்றைக்கு இரண்டு மடங்கு போலிருக்கிறது என்று நடுங்கிப்போன பெண்ணின் அப்பா, ஒரு கூடைக் கிழங்கோடு ஓடி வந்தார்.

"தலைவரே, பேச்ச இன்னொரு நாளைக்கு வெச்சிக்கலாம்லா!"

கணேசமூர்த்தி கிழங்கைப் பார்த்தார். ஜனத்தைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பதவியில் இருந்தபோது மணிக்கணக்காகப் பேசியும் அவருக்குக் கிடைக்காத கைதட்டல்.

பிறகென்ன, அதுவே பிழைப்பாகிவிட்டது. பக்கத்தில் தெமியாங்கிலோ செண்டாயானிலோ விசேஷம் என்று கேள்விப்பட்டால் போதும். காற்றுக்குழாய்க்குப் பதிலாக ரப்பரைச் சுற்றிய சைக்கிளில் போய் இறங்குவார், கனைப்பார், வாங்குவார், உட்காருவார். காதுகுத்துக்கு முட்டை, கலியாணத்துக்குக் கோழி. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டைக் கையாலும் தொடமாட்டார்.

அந்தப் பண்டமெல்லாம் எங்கே போகிறது என்பதுதான் அவர் மனைவி வள்ளிநாயகிக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வரும்போது பை காலியாக இருக்கும். சைக்கிள் கீழ் லயத்து வரிசை வீடுகள் பக்கம் ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. அங்கே ஆம்பளை இல்லாத வீடுகள் எட்டு. இந்த வயதில் மனுஷனுக்குப் புத்தி போகிற போக்கைப் பாரேன் என்று தோட்டமே சிரித்தது.

இன்றைக்கு அந்தக் கீழ் லயத்து மங்கம்மாவின் மகள் செல்லத்துக்குக் கலியாணம். தாலி கட்டியாயிற்று. சோற்றுப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கணேசமூர்த்தி கனைத்துவிட்டுக் காத்திருந்தார்.

கோழி வரவில்லை.

இன்னொரு தரம், கொஞ்சம் பலமாகக் கனைத்தார்.

மங்கம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். "எங்கிட்டக் கோழி இல்ல தலைவரே. நீங்க பேசுங்க."

பந்தல் அலறியது.

கணேசமூர்த்திக்கு வியர்த்தது. "முட்டை இருந்தாப் போதும்மா."

"இல்ல."

"ஒரு கிழங்கு?"

"இருக்கு. தரமாட்டேன்."

"ஒரு வெத்தலையாச்சும் குடும்மா!"

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜப்பான் நோட்டுகூட இவ்வளவு வேகமாக விலை இறங்கியதில்லை. மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு மாப்பிள்ளையும் சிரித்தான். யாரோ இரக்கப்பட்டுப் பாதிச் சுருட்டை நீட்டினார்கள். தலைவர் அதற்கும் கை நீட்டினார். மங்கம்மா நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

அவருக்கு எப்படியாவது உட்கார்ந்தாக வேண்டும். துரும்பைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கடைசியில் தன் பையைத்தான் திறந்தார். காலையில் செண்டாயானில் சம்பாதித்த கோழியை இழுத்து வெளியே எடுத்தார். அது சிறகடித்துக் கத்தி, அவருடைய வெள்ளைத் துண்டில் எச்சமிட்டது. கூட்டம் உருண்டு புரண்டது. வாங்கியே பழகிய மனுஷன், பேசாமல் இருப்பதற்குத் தானே விலை கொடுக்கிறாரே! இதைவிட ஒரு கலியாணக் கூத்து வேண்டுமா?

கோழியை அவளிடம் நீட்டினார்.

மங்கம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"எட்டு வீட்டு வாசல்லயும் கெழங்க வெச்சிட்டுப் போறது நீங்கதான்னு எங்களுக்குத் தெரியும். சயாமுக்குப் போயி மூணே மாசம் ரயில் ரோடு போட்டுட்டுக் கைநெறையாக் காசோட வந்துடலாம்னு பேசுனீங்களே, அதுதான் நீங்க கடைசியாப் பேசுனது. அதக் கேட்டுத்தான் இவ அப்பா லோரில ஏறுனாரு. எட்டு வீட்டு ஆம்பளைங்கள்ல ஒருத்தரும் இன்னும் திரும்பல."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

அன்றைக்குத் தன் முதுகுக்குப் பின்னால் ஜப்பான்காரனின் துப்பாக்கி நின்றது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது.

"சோழனெல்லாம் வேணாம் தலைவரே," என்றாள் மங்கம்மா. "அவரு எப்ப வருவாருன்னு மட்டும் பேசுங்க."

கோழி அவர் கையிலிருந்து நழுவி, மணமக்களின் காலடியில் விழுந்து, பந்தலை விட்டு ஓடியது. அதைப் பிடிக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கணேசமூர்த்தி தொண்டையைக் கனைத்தார்.

சோற்றுப் பானையை யாரும் பார்க்கவில்லை.